மடங்கி எழும் வீடு

நத்தை தன் வீட்டைத் தன் முதுகிலேயே சுமந்து செல்கிறது. வழியில் வெயில் மிகுந்தாலும், பகை நெருங்கினாலும் அது அவ்வீட்டினுள் ஒடுங்கிக்கொள்கிறது. ஆயினும் தன்னால் சுமக்க இயலாத அளவுக்குப் பெரிய வீட்டை எந்த நத்தையும் வளர்த்துக்கொள்வதில்லை.

மனிதன் நிலைத்த வீடு கட்டி வாழக் கற்றவன். எனினும் ஊர் கடந்து செல்லுங்கால் வீட்டையும் உடன்கொண்டு செல்லவேண்டும் என்னும் ஆசை அவனுக்கு நெடுங்காலமாக உண்டு. நம் நாட்டில் தேரும் திருவிழாவும் காணச் சென்றோர் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டு சென்ற காலம் ஒன்று இருந்தது. பகலில் ஊர்தியாய் இருந்த வண்டி இரவில் படுக்கையறையாயிற்று. அதே ஆசை மேலைநாடுகளில் வேறொரு வடிவம் கொண்டது. கரடுமுரடான நிலத்திலும் ஓடவல்ல மோட்டார் வண்டியின்மேல், ஓடும்போது தாழ்ந்து மடங்கியும், நிற்கும்போது உயர்ந்து எழுந்தும் அமையும் கூரையுடைய சிறு வீட்டைத் தம் கைகளாலேயே கட்டிக்கொள்வோர் அங்குப் பலர். அவ்வீடு எவ்வாறு அமைகிறது என்பதையும், அதனைக் கட்டுவோர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் ஒருவர் இருந்தார். அவர் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். சிறுவர்க்கான வீரக் கதைகள் பல எழுதியவர். அவர் 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென ஒரு வண்டி வீட்டைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’, அஃதாவது ‘அலைந்து திரிவோன்’ எனப் பெயரிட்டார். இரண்டு குதிரைகள் அதனை இழுத்தன. அவ்வண்டியிலேயே உண்டும் உறங்கியும் அவர் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காத்லாந்தின் வடபகுதி வரை சென்றார். இன்பச் செலவுக்கென்றே செய்யப்பட்ட வண்டி வீடுகளுள் அதுவே முன்னோடி எனக் கருதப்படுகிறது. அது அழகிய மரவேலைப்பாடு உடையது. ஆனால் ஏறத்தாழ 2 டன் எடையும் உடையது. ஏற்றம் வந்தபோதெல்லாம் அவ்வெடை முழுவதையும் குதிரைகளே இழுக்கவேண்டியிருந்தது. வண்டி வீட்டின் முதற்பகை எடையே என்பது அக்காலத்திலேயே புலனாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கென ஜீப்பு என்னும் வண்டி பெருவாரியாகச் செய்யப்பட்டது. அதன் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்லும். ஆதலால் இரண்டு சக்கரங்கள் சேற்றில் வழுக்கினாலும் ஏனைய இரண்டும் வண்டியை நகர்த்தும். போருக்குப் பின் மாரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர் தம் பண்ணையில் இத்தகைய ஜீப்பு ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். உழவர்க்கு உதவும் அத்தகைய வண்டியை நாமே செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனே லாண்ட் ரோவர் வண்டி. அது 1948ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அந்நாளில் எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால் வண்டியின் மேற்பகுதி அலுமினியக் கலவையால் ஆக்கப்பட்டது. பாலைவனத்திலும் காட்டிலும் மலையிலும் அவ்வண்டி சென்றது. பாதையற்ற இடங்களுக்குச் செல்ல வண்டி கிடைத்தபின், அவ்விடங்களில் தங்க வீடு ஒன்று வேண்டுமென மக்கள் விரும்பியது இயல்பேயன்றோ?

ஆனால் இவ்விருப்பத்தில் ஒரு முரண்பாடு உண்டு. மனிதன் நிமிர்ந்து நின்று உடைமாற்றவும் சமைக்கவும் வேண்டுமானால், தளத்திலிருந்து கூரை வரை 1.9 மீட்டராவது உயரம் வேண்டும். வண்டியின் தளமோ தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல் உள்ளது. இரண்டையும் கூட்டினால் வண்டியின் மொத்த உயரம் 2.6 மீட்டரைக் கடந்துவிடும். அவ்வளவு உயர்ந்த வண்டி தாழ்ந்த மரக்கிளைகளில் மோதும், எதிர்க்காற்றில் திணறும், சரிந்த நிலத்தில் கவிழவும் கூடும். வாழ்வதற்கு உயரம் வேண்டும். ஓடுவதற்கு உயரம் ஆகாது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே மடங்கி எழும் கூரையாகும்.

குடையை நோக்குங்கள். மழை பெய்யும்போது அது விரிந்து கூரையாகிறது. மழை நின்றதும் சுருங்கிக் கைத்தடியாகிறது. மடங்கும் கூரையின் தத்துவமும் இதுவே. கூரை மட்டும் வன்மையான பலகையால் ஆனது. கூரைக்கும் சுவருக்கும் இடையே கித்தான் துணி தைக்கப்பட்டிருக்கும். கூரை எழும்பும்போது துணி விரிந்து சுவராகிறது. தாழும்போது மடிந்து உள்ளே அடங்குகிறது. இங்கிலாந்தின் போக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்டர் நிறுவனம் ‘டார்மொபைல்’ என்னும் பெயரில் இத்தகைய கூரையுள்ள வண்டிகளைச் செய்தது. 1960களில் லாண்ட் ரோவர் வண்டிக்கும் அக்கூரை அமைக்கப்பட்டது. அக்கூரையின் ஒரு பக்கம் கீல்களால் பிணைக்கப்பட்டிருக்க, மறுபக்கம் மேலே எழும். இருவர் கீழேயும் இருவர் கூரையின்கீழ்த் தொங்கும் கித்தான் படுக்கைகளிலும் உறங்கலாம். அத்தகைய வண்டியை விலைகொடுத்து வாங்க இயலாதோரும், தம் தேவைக்கு ஏற்ப அமைக்க விரும்பினோரும், தாமே செய்யும் முயற்சியில் இறங்கினர்.

முயற்சி போற்றத்தக்கதே. ஆனால் பலகையை அறுக்கத் தொடங்கும் முன்னர் எழுதுகோலை எடுத்துக் கணக்குப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் இங்குப் பிழைபட்டால் கெடுவது பொருள் மட்டுமன்று, உயிரும் கெடும்.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து செயற்படுவதாகக் கொள்வது இயற்பியல் மரபு. அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். வண்டி பக்கவாட்டில் சரியும்போது, ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு சக்கரத்தின் அடியைத் தாண்டி வெளியே விழுந்தால் வண்டி கவிழும். 2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்றின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளதாகவும், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் தொலைவு உள்ளதாகவும் கொள்வோம். கணக்குப்படி அது 45 பாகை சரிவு வரை கவிழாது நிற்கும். இப்பொழுது 2 மீட்டர் உயரத்தில் 300 கிலோகிராம் எடையை ஏற்றினால் ஈர்ப்பு மையம் 91 சென்டிமீட்டருக்கு உயர்ந்துவிடும். தாங்கும் சரிவும் 39 பாகையாகக் குறைந்துவிடும். அவ்வுயரத்தில் 100 கிலோகிராம் மட்டும் ஏற்றினால் 43 பாகை அளவில் நிற்கும். இவை நின்றிருக்கும் வண்டிக்கான கணக்குகள். ஓடும் வண்டியிலோ வில்கள் ஒருபுறம் அமுங்கும். வளைவில் திரும்பும் வேகம் வெளியே தள்ளும். கல்லில் ஏறும் சக்கரம் குலுக்கும். ஆதலால் உண்மையில் வண்டி இதனினும் மிகக் குறைந்த சரிவிலேயே கவிழ்ந்துவிடும். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஓட்டுபவர் கணக்குக் காட்டவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, மொத்த எடையைக் கணக்கிடுதல் வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் அது தாங்கக்கூடிய மொத்த எடையைச் செய்தவர்கள் வரையறுத்துள்ளனர். அவ்வரம்பு 3,050 கிலோகிராம் என்றும், எரிபொருள் இல்லாத வெற்று வண்டியின் எடை 2,000 என்றும் கொள்வோம். எஞ்சுவது 1,050. இருவர் ஏறினால் 150; 80 லிட்டர் டீசல் 65 கிலோகிராமுக்குச் சற்று மேல்; 60 லிட்டர் தண்ணீர் 60; உதிரிச் சக்கரமும் கருவிகளும் 100; உணவு, அடுப்பு, படுக்கை, உடை ஆகியவை 100; மின்கலம் 30. இவையே 500 கிலோகிராமைத் தாண்டிவிடுகின்றன. எஞ்சியதை முழுதும் வீட்டுக்கே செலவிடுதலும் கூடாது. குண்டும் குழியுமான பாதையில் வண்டி துள்ளி விழும்போது அச்சும் வில்லும் தாங்கும் சுமை, நின்றநிலையில் தாங்கும் சுமையைப்போல் இருமடங்காதலும் உண்டு. ஆதலால் வீட்டின் எடை 300 கிலோகிராமுக்குள் அடங்குமாயின் நன்று. மயில் இறகே ஆனாலும் அளவுகடந்து ஏற்றினால் வண்டி தாங்காது என்று வள்ளுவர் உணர்த்திய உண்மை, மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதைக் காணுங்கள்.

கணக்கு முடிந்தபின் மாதிரி ஒன்று அமைத்தல் வேண்டும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, உண்மை அளவிலேயே ஒரு பொய்வீடு செய்து, அதனுள் புகுந்து படுத்தும் எழுந்தும் பார்க்கலாம். கால் நீட்ட இடம் போதாமையும், கதவு திறக்கும்போது அடுப்பில் இடிபடுதலும் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையில் கண்ட பிழையைத் திருத்தக் கத்தரிக்கோல் போதும். பலகையில் கண்ட பிழையைத் திருத்தப் பலகையையே இழக்கவேண்டும்.

இனி, சுவரும் கூரையும் அமைக்கும் முறையைக் காண்போம். 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள கூரையை 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் செய்தால் ஏறத்தாழ 22 கிலோகிராம் நிறுக்கும். அதற்கு மாறாக, 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைப்பலகையின் இருபுறமும் 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை ஒட்டினால், பசையையும் சேர்த்து 15 கிலோகிராம் அளவில் அடங்கும். எடை குறைந்தும் வலிமை பன்மடங்காகிறது. இஃது எவ்வாறு இயலும்? ஒரு பலகை வளையும்போது அதன் மேற்பரப்பு சுருங்கவும் கீழ்ப்பரப்பு நீளவும் முயலுகின்றன. நடுப்பகுதி பெரிதும் வேலையின்றி நிற்கிறது. உழைக்கும் இரண்டு பரப்புகளையும் விலக்கி வைத்து, நடுவில் இலேசான பொருளை நிரப்பினால் பலகை எளிதில் வளையாது. மேலும் நுரைப்பலகை வெயிலின் வெப்பத்தையும் இரவின் குளிரையும் உள்ளே விடாது தடுக்கும்.

ஆயினும் நுரையில் திருகாணி பிடிக்காது. ஆதலால் கீல், தாழ், சன்னல் முதலியவை அமையும் இடங்களில் நுரையை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் மரக்கட்டைகளை ஒட்டும்போதே பதித்துவிடவேண்டும். பசை பூசியபின் பலகையின்மேல் பளுவான பொருள்களைப் பரப்பி அசையாமல் அழுத்தி வைத்தல் வேண்டும். ஓரங்களில் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து ஒட்டினால் நீர் புகாது. நீர் புகுந்த ஒட்டுப்பலகை உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். வெளியே பார்ப்பவர்க்கு நெடுநாள் வரை அது தெரியாது.

வீட்டுப் பெட்டி ஆயத்தமானதும் அதனை வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தவேண்டும். இங்கேதான் அனுபவமற்றோர் பலர் தவறுகின்றனர். பாதையற்ற நிலத்தில் ஒரு சக்கரம் கல்லின்மேலும் மற்றொரு சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது அடிச்சட்டம் முறுக்கிக்கொள்கிறது. ஈரத் துணியை இரு கைகளால் பிழியும்போது துணி முறுக்குவதை ஒத்தது அது. பெட்டியோ முறுக்கிக் கொடுக்காது. நான்கு மூலைகளிலும் அதனை இறுக்கித் திருகிவிட்டால், சட்டத்தின் முறுக்கு பெட்டியின் மூலைகளைப் பிளந்துவிடும். நாற்காலிக்கு நான்கு கால்கள் இருந்தால் சமமற்ற தரையில் ஆடும். முக்காலியோ எத்தரையிலும் ஆடாது நிற்கும். அதுபோலப் பெட்டியை மூன்று இடங்களில் மட்டும் தாங்கச் செய்து, அவற்றுள் ஒன்றை அசைந்துகொடுக்கும்படி அமைப்பது சிறந்த முறை. சிறிய பெட்டிகளுக்குத் தடித்த இரப்பர்க் கட்டைகளோ, சற்று எழும்பி இறங்கும் வில்களோ உதவும்.

கூரையை எழுப்பும் பொறியமைப்பு அடுத்தது. கூரையை முன்புறத்தில் கீல்களால் பிணைத்துப் பின்புறம் எழும்படி செய்வது ஒரு முறை. கட்டுவதற்கு இஃது எளியது. மேலும், தற்செயலாகத் தாழ் கழன்றாலும் ஓடும்போது முன்னிருந்து வரும் காற்று கூரையைத் திறக்க முயலாது. பின்புறத்தில் கீல் அமைந்தால், காற்று அடியில் புகுந்து கூரையைப் பிடுங்கி எறிந்துவிடக்கூடும். முன்கீல் உள்ள கூரை 40 கிலோகிராம் எடை உடையதாயின், பின்விளிம்பில் 20 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவு வலிமையிருந்தால் அதனை எழுப்பலாம். நெம்புகோலின் விதி நமக்கு உதவுகிறது. ஆனால் அதே விதி மற்றோரிடத்தில் நம்மைச் சோதிக்கிறது. நைட்ரஜன் வாயு அடைத்த உந்துதண்டுகளைக் கூரைக்கு உதவியாகப் பொருத்துவர். 2 மீட்டர் நீளமுள்ள அக்கூரையில், கீலிலிருந்து அரை மீட்டர் தொலைவில் தண்டு பொருத்தப்பட்டால், நேராக உந்தும்போதுகூட 80 கிலோகிராமைத் தூக்கும் விசை வேண்டும். கூரை மூடியிருக்கையில் தண்டு சாய்ந்து கிடக்குமாதலால் முதலிற் கையாலும் தூக்கிக் கொடுத்தல் வேண்டும். குளிர் மிகுந்தால் வாயுவின் அழுத்தம் குறையும். நாட்பட்டால் வாயு கசியவும் செய்யும். எனவே கூரை எழுந்தபின் அதனைத் தாங்க உறுதியான உலோகத் தண்டு ஒன்றைத் தனியே நிறுத்துவது இன்றியமையாதது. அடியில் உறங்குவோரின் தலைமேல் வாயுவை மட்டும் நம்பிக் கூரையை நிறுத்துதல் அறிவுடைமை ஆகாது.

துணிச்சுவருக்குப் பருத்திக் கித்தான் பெரிதும் பயன்படுகிறது. நனைந்ததும் பருத்தி இழைகள் பருத்து, நெசவின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. ஆதலால் புதிய கித்தானை முதலில் நன்கு நனைத்து உலர்த்துவது வழக்கம். தையல் துளைகளும் இதனால் அடைபடும். விலை மிகுந்த துணியை வெட்டும் முன்னர், பழைய வேட்டித் துணி போன்ற மலிவான துணியில் மாதிரி வெட்டித் தைத்துப் பார்த்தல் நலம். சன்னல்களுக்குக் கொசுவலையும், அதன்மேல் மூடும் மடிப்பும் வேண்டும். துணியின் நடுப்பகுதியைச் சுற்றி வெளிப்புறத்தில் ஓர் இரப்பர்க் கயிற்றைக் கட்டினால், கூரை இறங்கும்போது அது துணியை உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். கூரைக்கும் சுவருக்கும் இடையே துணி நசுங்காது. நனைந்த துணியை மூடி வைக்க நேர்ந்தால், வாய்ப்புக் கிடைத்த முதல் நாளிலேயே திறந்து உலர்த்தல் வேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பூத்துத் துணி இற்றுவிடும்.

கூரை மூடும் விளிம்பில் இரப்பர்ப் பட்டை ஒட்டுவது மழைக்காக மட்டுமன்று. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புழுதி அங்கே சுழன்று எழும்; சிறு இடுக்கு இருந்தாலும் உள்ளே புகும். மண்பாதையில் ஒருநாள் ஓடியபின் பின்கதவைத் திறந்தால், படுக்கையெல்லாம் செம்மண் படிந்திருக்கக் காண்பது பட்டறிந்தோர் அறிந்ததே.

உட்புறத்தை அடுக்குவதற்கு ஒரே விதிதான் உண்டு. கனமானது கீழே, இலேசானது மேலே. தண்ணீர்த் தொட்டியும் மின்கலமும் தளத்தை ஒட்டியும், பின் அச்சுக்கு முன்னாலும் அமைதல் வேண்டும். துணிமணிகள் மேலே இருக்கலாம். நீர்த்தொட்டியினுள் தடுப்புகள் வேண்டும். இல்லையேல் பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைமோதி, வளைவுகளில் வண்டியை அலைக்கழிக்கும்.

இதுவரை கூறியன எல்லாம் ஓடும்போது காப்பவை. உறங்கும்போது காப்பது ஒன்று உண்டு. அது காற்றோட்டம். புழுதிக்கும் குளிருக்கும் அஞ்சி எல்லா இடுக்குகளையும் அடைத்தவர், இரவில் அதனுள் அடுப்பை எரித்தால் பேரிடர் விளையும். போதிய காற்றின்றி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு அது கலந்து, உயிர்வளிக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. உறங்குபவர் விழிக்காமலேயே உயிர் துறப்பர். ஆதலால் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, மூடவே இயலாத காற்றுத் துளைகள் இரண்டாவது வேண்டும். அவ்வாயுவைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவியும் வேண்டும். கரிநெருப்பை எக்காரணம் கொண்டும் உள்ளே வைத்தலாகாது. எரிவாயு உருளையையும் உள்ளறையில் வைக்காமல், கசியும் வாயு வெளியே இறங்கிச் செல்லும்படி கீழே துளையுள்ள தனிப்பெட்டியில் வைத்தல் வேண்டும். ஏனெனில் சமையல் எரிவாயு காற்றினும் கனமானது; தளத்தில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

எல்லாம் முடிந்தபின் வண்டியை உடனே காட்டுக்கு ஓட்டிச் செல்லுதல் தகாது. நீரும் எரிபொருளும் நிரப்பி, செல்வோர் அனைவரும் ஏறியமர்ந்து, எடைமேடையில் நிறுத்தி நிறுத்துப் பார்த்தல் வேண்டும். முன் அச்சு, பின் அச்சு இரண்டின் எடையையும் தனித்தனியே அறிதல் வேண்டும். வண்டியின் வடிவை மாற்றுவதற்கு அவ்வந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதையும், அதற்குரிய சோதனைகளையும் தொடக்கத்திலேயே கேட்டறிந்திருத்தல் வேண்டும். முதலிரவை வீட்டு முற்றத்திலேயே, மழை நாளில், கழிப்பது மிகவும் நல்லது. எங்கே ஒழுகுகிறது, எந்தத் தாழ் இறுகவில்லை என்பதை மழையே கற்பிக்கும். அங்கே பிழை கண்டால் வீட்டினுள் சென்று உறங்கலாம். நடுக்காட்டில் கண்டால் செல்ல இடமில்லை.

தன் கையால் ஒன்றைச் செய்து முடிப்பவன் அப்பொருளை மட்டும் பெறுவதில்லை. நெம்புகோல், ஈர்ப்பு மையம், வாயுவின் அழுத்தம் எனப் புத்தகத்தில் படித்தவை அவன் கையிலேயே விளங்குகின்றன. தச்சனின் பொறுமையும், தையற்காரனின் நுட்பமும், கணக்கனின் நேர்மையும் அவனுக்கு வேண்டியிருக்கின்றன. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் பணிவும் வேண்டியிருக்கிறது.

மடங்கி எழும் வீடு நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கடும்பாதையில் ஓடும்போது அது தாழ்ந்து செல்கிறது. தாழ்ந்து செல்வதாலேயே கவிழாமல் போய்ச் சேருகிறது. போய்ச் சேர்ந்தபின் நிமிர்ந்து எழுந்து, தன்னுள் வந்தோர்க்கு நிழல் தருகிறது. எப்பொழுது தாழ்வது, எப்பொழுது எழுவது என்று அறிதலும், எவ்வளவு சுமப்பது என்று அளத்தலும் வண்டிக்கு மட்டும் உரிய அறிவல்லவே!